காலைக் கட்டும் கிழங்கு!

சேலத்திலிருந்து ஆத்தூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சாலையின் இரு பக்கமும் பச்சைப் பசேலென்று குச்சிக்கிழங்குத் தோட்டங்கள். நடுநடுவே சேகோ ஆலைகள். ஆலைக் களத்தில் வெள்ளை வெளேரென்று காயும் மாவு. ஜன்னல் வழியாக ஒரு புளித்த வாடை வந்து மூக்கைத் துளைக்கும்.

இந்தக் கிழங்குக்கும் மனிதனுடைய மூளைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? நரம்பு நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் மரவள்ளிக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அது எழுதப்பட்ட இடம் ஆப்பிரிக்கா. ஆனால் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் நாமும் உண்டு!

ஆட்டுக்காரர் அறிந்த விஷயம்

ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர்ப் பக்கத்தில் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆடு மரவள்ளித் தோட்டத்தில் புகுந்து வயிறு நிறையத் தழையை மேய்ந்துவிட்டால், வீடு திரும்புவது சந்தேகம். மூச்சுத் திணறும்; கால் உதறும்; சற்று நேரத்தில் சாய்ந்துவிடும்.

காரணம் என்ன?

மரவள்ளியின் தழை, தோல், கிழங்கு எல்லாவற்றிலும் 'லினமாரின்' என்ற பொருள் இருக்கிறது. அது இருந்த இடத்தில் இருக்கும்வரை சாதுதான். தழையைக் கடித்தாலோ, கிழங்கை நசுக்கினாலோ, செடியிலேயே உள்ள இன்னொரு பொருள் வந்து அதை உடைக்கிறது. அப்போது வெளிப்படுவது ஹைட்ரஜன் சயனைடு. கொடிய விஷம்! உடம்பிலுள்ள உயிரணுக்கள் பிராணவாயுவை உபயோகிக்க முடியாமல் செய்துவிடும்.

கால்நடை டாக்டர் உடனே வந்துவிட்டால் ஊசி போட்டு ஆட்டைக் காப்பாற்றப் பார்ப்பார். அவர் போடும் மருந்துகளில் ஒன்று சோடியம் தயோசல்பேட். அதில் கந்தகம் இருக்கிறது. இந்தக் கந்தகத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் வருவோம்.

ஆட்டைச் சாய்ப்பது ஒரே வேளையில் ஏறும் விஷம். மனிதனுடைய காலைக் கட்டுவது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் விஷம்.

இரவு படுத்தார், காலையில் எழவில்லை!

1938-ம் ஆண்டில், காங்கோ நாட்டில் குவாங்கோ என்ற பகுதியில் பரவிய ஒரு விசித்திர நோயைப் பற்றி டாக்டர் ட்ரோலி என்பவர் எழுதினார். அதற்கு அந்த ஊர் ஜனங்கள் வைத்திருந்த பெயர் 'கொன்சோ'. அவர்களுடைய யாக்கா மொழியில் 'கட்டப்பட்ட கால்' என்று அர்த்தம்.

எவ்வளவு பொருத்தமான பெயர்! நேற்றுவரை நன்றாக நடந்தவர், இன்று காலையில் எழுந்து நிற்க முடியாமல் தவிப்பார். இரண்டு காலும் ஒரேமாதிரி விறைத்துவிடும். பிறகு தட்டுத் தடுமாறி நடந்தாலும், முழங்கால் ஒன்றோடொன்று இடிக்கும். நுனிக்காலால்தான் நடக்க முடியும். சிலருக்குக் கோல் வேண்டும். சிலர் தவழ்ந்தே காலம் தள்ள வேண்டும். நோய் முற்றுவதும் இல்லை, தீருவதும் இல்லை.

1981-ம் ஆண்டில் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் மழை பொய்த்தது. மற்றப் பயிர் கருகிற்று. கசப்பு மரவள்ளி மட்டும் நின்றது. வறட்சியில் நின்ற மரவள்ளிக்கு விஷம் அதிகம். பசித்த ஜனங்களுக்குக் கிழங்கை நாள்கணக்கில் காயவைக்கப் பொறுமை ஏது? அரைகுறையாகக் காய்ந்ததை இடித்துச் சாப்பிட்டார்கள். 1,100 பேருக்கு மேல் கால் விளங்காமல் போயிற்று. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்!

அப்போது அங்கே வேலை பார்த்த ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங்கும் மற்ற டாக்டர்களும் கிராமம் கிராமமாகப் போய் விசாரித்தார்கள். தொத்து நோயோ என்ற சந்தேகம் முதலில் இருந்தது. கடைசியில் குற்றவாளி சோற்றுப் பானையில் அகப்பட்டான்.

காங்கோவில் இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே கிழங்கை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். 1970-களில் தலைநகருக்கு நல்ல சாலை வந்தது. வியாபாரம் சூடு பிடித்தது. விற்கிற அவசரத்தில் மூன்று நாள் ஊறல் ஒரு நாளாகச் சுருங்கிற்று. கொன்சோ வந்து கதவைத் தட்டிற்று!

கயிறு அறுந்த வண்டி

காலில் நோய் என்கிறோம். ஆனால் காலில் ஒரு கோளாறும் இல்லை. பழுது மேலே இருக்கிறது.

மூளையின் உச்சியில், இரு காதுகளுக்கும் பாலம் போட்டாற்போல ஒரு பட்டை உண்டு. கையை ஆட்டு, காலை எடு என்று கட்டளை போடுவது அதுதான். கட்டளையைத் தாங்கும் நரம்பிழைகள் முதுகுத் தண்டுக்குள் இறங்குகின்றன. அங்கே இரண்டாவது நரம்பு அதை வாங்கித் தசைக்குச் சேர்க்கிறது.

இளம்பிள்ளை வாதத்தில் கெடுவது இரண்டாவது நரம்பு. அதனால் கால் துவண்டு சூம்பிவிடுகிறது. கொன்சோவில் கெடுவது முதல் நரம்பு. அதன் வேலை ஏவுவது மட்டும் அல்ல. அடக்குவதும் அதன் வேலைதான். வண்டிக்காரன் கையில் மூக்கணாங்கயிறு இருப்பதுபோல! கயிறு அறுந்தால் மாடு அடங்குமா? அடக்க ஆளில்லாத தசை இறுகிக் கால் விறைக்கிறது.

காலோடு விஷயம் முடிந்துவிடவும் இல்லை. காங்கோவில் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்து 2013-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். கொன்சோ வந்த குழந்தைகளின் ஞாபகசக்தியும் கற்கும் திறனும் குறைந்திருந்தன. நோய் வராத குழந்தைகளும், கொன்சோ பரவிய ஊரில் அதே கிழங்கைத் தின்று வளர்ந்தால், ஓரளவு பின்தங்கியிருந்தார்கள்.

சேலத்தைக் காத்தது எது?

கொன்சோ பதிவான நாடுகள் எல்லாம் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. நம் சேலம், நாமக்கல் சீமையிலும் மரவள்ளி மலை மலையாகக் குவிகிறது. இங்கே காலைக் கட்டவில்லையே, ஏன்?

முதல் காரணம் தண்ணீர். இரண்டாம் உலக யுத்தத்தில் கடல் கடந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில் கற்ற போபட்லால் ஷா என்பவருடன் சேர்ந்து, மரவள்ளியில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார் என்று இந்தத் தொழிலின் கதையைச் சொல்வார்கள். இன்று 'சேலம் ஜவ்வரிசி' புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆலையில் நடப்பது என்ன? தோலை உரிக்கிறார்கள், கழுவுகிறார்கள், அரைக்கிறார்கள், பாலை வடிகட்டித் தொட்டியில் படியவிடுகிறார்கள். லினமாரின் தண்ணீரில் கரைவது. ஒவ்வொரு கழுவலிலும் அது வெளியேறுகிறது.

இரண்டாவது காரணம் சூடு. ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சேலத்து வெயிலுக்குக் கேட்க வேண்டுமா?

மூன்றாவது காரணம் நம் தட்டில் இருக்கிறது. இப்போது அந்தக் கந்தகத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்! சயனைடை முறிக்க நம் உடம்பிலேயே ஒரு வைத்தியர் இருக்கிறார். 'ரோடனீஸ்' என்று பெயர். 1933-ல் லாங் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். ஆட்டுக்கு ஊசி மருந்து செய்வதை இவர் தினமும் ஓசைப்படாமல் செய்கிறார். கந்தகத்தை எடுத்துச் சயனைடோடு சேர்த்துச் சாதுவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறார். ஆனால் அந்தக் கந்தகத்தை உணவின் புரதம்தான் கொடுக்க வேண்டும். முட்டை, மீன், பால், பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றில் அது கிடைக்கும். கிழங்கில் புரதம் மிகவும் சொற்பம்.

இயற்கையின் வேடிக்கையைப் பாருங்கள்! விஷக் கிழங்கு விளைகிற அதே சமவெளியில்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகள் முட்டையைக் குவிக்கின்றன. மொசாம்பிக் ஏழைக்கு மூன்று வேளையும் கிழங்கு மட்டுமே இருந்தது. மரவள்ளி மட்டும் அல்ல, வறுமையும் சேர்ந்துதான் அவன் காலைக் கட்டிற்று.

வீட்டில் செய்ய வேண்டியது

குச்சிக்கிழங்கைக் கண்டு பயப்பட வேண்டாம். கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அது சோறு. ஆனால் அவசரம் கூடாது.

மேல்தோலோடு தடித்த உள்தோலையும் சேர்த்து உரித்து எறியுங்கள். சதையைவிடத் தோலில்தான் விஷம் அதிகம். சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் ஊறவையுங்கள். திறந்த பாத்திரத்தில், நிறையத் தண்ணீர் விட்டு நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள். பச்சையாகக் கடிக்கக் குழந்தைகளை விடாதீர்கள். உரித்த தோலையும் பச்சைத் தழையையும் ஆடு மாடு எட்டாத இடத்தில் போடுங்கள்.

ஜவ்வரிசியில் விஷம் போய்விட்டது. அதோடு சத்தும் போய்விட்டது. அது ஏறக்குறைய வெறும் மாவுச் சத்து. குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் பாலைச் சேர்த்துக் கொடுங்கள். கிழங்கு வேகிற நாளில் பக்கத்து அடுப்பில் ஒரு முட்டையோ, ஒரு பிடி பருப்போ வேகட்டும்.

காங்கோவில் காலை இழந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், அறியாதவர்களும் அல்லர். அவர்களுடைய பாட்டிமார்களுக்கு மூன்று நாள் ஊறல் தெரிந்திருந்தது. பசியும் அவசரமும் சேர்ந்து அந்த மூன்று நாளைத் தின்றுவிட்டன. நம் வீட்டுப் பாட்டி, "தோலை நன்றாக உரி, தண்ணீரைக் கொட்டு" என்று அடுப்படியில் சொன்னால், இனி அலட்சியம் செய்ய வேண்டாம். நம் காலைக் காப்பாற்றுகிற வார்த்தை அது!