சேற்றுக்கும் நாள் பார்ப்பார்கள்

தம்புள்ளை, லக்கலை, மாத்தளை, ரத்தோட்டை என்று நான்கு தேர்தல் தொகுதிகள் கொண்டது மாத்தளை மாவட்டம். 2005 ஜனாதிபதித் தேர்தலில் நாடு மகிந்த ராஜபக்ஷவைத் தெரிவுசெய்தது. இந்த மாவட்டத்திலோ ரணில் விக்கிரமசிங்க சற்றே முந்தியிருந்தார். 2015 இல் மைத்திரிபால சிறிசேன வென்றார். மாத்தளையில் 12,952 வாக்குகளால் முன்னுக்கு நின்றவர் மகிந்த. இரண்டு முறையும் தோற்றவர் பக்கம்! இப்படி ஆடும் தராசைக் கண்டால், சேறு பூசுகிறவர்களும் கல்யாண வீட்டாரைப் போல நாள் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

முந்திப் பூசினால் காய்ந்து உதிர்ந்துவிடும். 2014 டிசம்பரில், ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு மகிந்த அரசுக்குத் தாவிய திஸ்ஸ அத்தநாயக்க, மைத்திரிபாலவும் ரணிலும் செய்துகொண்ட இரகசிய ஒப்பந்தம் என்று ஓர் ஆவணத்தைக் காட்டினார். அவர்கள் தரப்பு போலி என்று மறுத்தது. வாக்கெடுப்பு ஜனவரி 8 ஆம் திகதி. மறுத்துப் பேச மேடைகள் மிச்சமிருந்தன. அமெரிக்காவில் டெக்சஸ் ஆளுநர் தேர்தலுக்காக 2006 இல் ஓடிய தொலைக்காட்சி விளம்பரங்களை ஆராய்ந்தவர்களும், அவற்றின் தாக்கம் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துபோவதைக் கண்டார்கள். அப்படியானால் கடைசி வாரம்தான் நல்ல நாளா?

2019 இல் அந்தக் கணக்கும் பிழைத்தது. நவம்பர் 10 ஆம் திகதி அமைச்சர் ராஜித சேனாரத்ன ஊடகச் சந்திப்பில் இரண்டு பேரை உட்காரவைத்து, வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ஷவைக் குறிவைத்து, வெள்ளை வான் கடத்தல் கதைகளைச் சொல்லவைத்தார். வாக்கெடுப்புக்கு ஆறே நாள். தபால் வாக்குகள் அதற்கு முன்பே பெட்டிக்குள் போயிருந்தன. கோட்டாபய 52.25 சதவீதத்தோடு வென்றார். கடத்தல்கள் உண்மையிலேயே நடந்த நாடு இது. ஆனாலும் அத்தனை நெருக்கத்தில் வந்த குற்றச்சாட்டைப் பலர் தேர்தல் நாடகமாகவே பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

சட்டம் இதைத் தடுக்காதா? பிரசாரம் முடிந்ததும் இரண்டு நாள் அமைதிக் காலம் வருகிறது. 2024 செப்டம்பர் 21 தேர்தலுக்கு, 18 ஆம் திகதி நள்ளிரவோடு ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாவுக்கு மேல் செலவிடக்கூடாது என்ற வரம்பும் அந்தத் தேர்தலில் இருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுக்கு ஒலிபெருக்கியும் வேண்டாம், ரூபாவும் வேண்டாம். அமைதிக் காலத்தில் அதிகம் கட்டுப்படுவது பதில் சொல்ல வேண்டியவரின் வாய்தான்.

எல்லாவற்றிலும் துணிச்சலாக நாள் பார்த்தது 2010 இல். ஜனவரி 26, வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. மகிந்தவை எதிர்த்துப் போட்டியிட்ட சரத் பொன்சேகாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை, அவர் வேட்பாளராகவே இருக்க முடியாது என்று அரச ஊடகங்களில் செய்தி. முதல் பாதி உண்மை, இடாப்பில் பெயர் இல்லைதான். இரண்டாம் பாதி பொய். தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க, வேட்பாளராக அது தடையல்ல என்று அன்றே விளக்கினார். மகிந்த 57.88 சதவீதம் பெற்றார். அந்த வித்தியாசத்தை ஒரு செய்தி உண்டாக்கியிருக்காது. ஆனால் காலையிலேயே வரிசையில் நின்று வாக்குப் போட்டுவிட்டு மாத்தளை மாவட்டத்து எல்கடுவையில் தோட்ட லயத்துக்குத் திரும்பிய ஒருவருக்கு, அந்த விளக்கம் மாலையில் வானொலியில் கேட்டிருந்தால்தான் என்ன, கேட்காமல் போயிருந்தால்தான் என்ன?