பழுதுற்ற ரோட்டரி இஞ்சினைத் தாமே புதுப்பிக்கலாமா?

மோட்டார் வண்டியின் இஞ்சின் பழுதுற்றால், அதைத் தாமே பிரித்துப் புதுப்பிப்பதா, புதுப்பித்த இஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்துவதா என்னும் கேள்வி எழுகின்றது. ரோட்டரி இஞ்சின் விஷயத்தில் இதற்கு விடை கூறுவது உடையவரின் கைத்திறன் மாத்திரமன்று. இஞ்சினின் உறைகள் எந்நிலையில் உள்ளன என்பதே பெரிதும் விடை கூறும்.

இஞ்சினின் அமைப்பு

ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கெல் என்பவர் வகுத்த முறையில், என். எஸ். யு. கம்பெனியார் 1957-ஆம் வருஷத்தில் இவ்வித இஞ்சினை முதன்முதலாக ஓட்டினர். ஜப்பான் தேசத்து மாஸ்டா கம்பெனியார் 1967 முதல் இதை வண்டிகளில் அமைத்து விற்றனர். அவர்கள் 2003 முதல் 2012 வரை செய்த ஆர். எக்ஸ். 8 என்னும் வண்டியை இங்கே உதாரணமாகக் கொள்ளலாம்.

இதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. மும்முனையுள்ள இரண்டு ரோட்டர்கள் தத்தம் உறைக்குள் சுழல்கின்றன. ரோட்டர் ஒரு முறை சுழல்வதற்குள் தண்டு மூன்று முறை சுழலும். ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் பதித்த மெல்லிய ஸீல் தகடு, உறையின் குரோமியப் பூச்சின்மேல் உராய்ந்துகொண்டே வாயுவை அடைத்து நிற்கின்றது. அத்தகட்டிற்கு மசகாக எண்ணெய் சிறிதளவு உள்ளே செலுத்தப்பட்டு எரிந்துபோகும். தகடு தேய்ந்தாலும் ஒடிந்தாலும் அமுக்கம் குறைந்துவிடும்.

முதலில் அளத்தல்

சூடான இஞ்சின் மறுபடி கிளம்ப மறுப்பது நோயின் முதல் அடையாளம். ஆயினும் பாட்டரி, ஸ்டார்ட்டர், பிளக், இக்னிஷன் காயில் ஆகியவை தளர்ந்தாலும் இஞ்சின் கிளம்பாது. ஆதலால் செலவு குறைந்த இவற்றை முன்னர்ச் சோதித்துவிட வேண்டும்.

பின்னர் அமுக்கத்தை அளக்க வேண்டும். சாதாரண அளவுமானி மூன்று அறைகளில் அதிகமானதை மாத்திரம் காட்டி, பழுதான அறையை மறைத்துவிடும். அறைதோறும் தனித்தனியே காட்டும் கருவியே தக்கது. நிமிஷத்திற்கு 250 சுற்று வேகத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோகிராம் இருத்தல் நன்று, 6.9-க்குக் கீழ் இறங்கினால் இஞ்சின் தேறாது. மூன்று அறைகளும் சீராகக் குறைந்திருப்பின், பெரும்பாலும் தேய்மானமே காரணம். அடுத்தடுத்த இரண்டு அறைகள் மாத்திரம் வீழ்ந்திருப்பின், அவற்றின் இடையிலுள்ள முனைத்தகடு ஒடிந்திருக்கக்கூடும். அப்போது இஞ்சினை மேலும் ஓட்டலாகாது. ஒடிந்த துண்டு உறையைக் கீறிப் பாழாக்கும்.

செலவுக் கணக்கு

உறுப்புகள் சிலவே ஆதலின், பொறுமையும் சுத்தமும் உடையவர் இவ்விஞ்சினைப் பூட்டக் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. ஸீல்கள், வில்கள், ரப்பர் வளையங்கள் யாவும் புதியனவாக வாங்க வேண்டும்.

2. குரோமியம் உரிந்த உறையை வீட்டில் செப்பனிட இயலாது. உறைகளைப் புதிதாக வாங்க நேர்ந்தால், புதுப்பித்த இஞ்சினின் விலையையும் செலவு மிஞ்சிவிடலாம்.

3. இஞ்சினைத் தூக்கும் கருவியும், பிளைவீலின் 54 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றும் சாவியும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் மானியும் தேவை.

4. புதுப்பித்த இஞ்சின் விற்போர் பலர் பழையதை வாங்கிக்கொண்டு விலையில் தள்ளிக் கொடுப்பர். பிரித்துப் போட்டதற்கும் உறை கெட்டதற்கும் அத்தொகை குறையலாம், கிடையாமலும் போகலாம்.

உறையின் நிலை பிரித்த பின்னரே தெரியும். பிரித்தாலோ தள்ளுபடி நழுவக்கூடும். ஆதலின் சாவியைக் கையில் எடுக்குமுன்னரே தீர்மானித்தல் அவசியம்.

முடிவு

அமுக்கம் சீராகக் குறைந்து, வண்டி அன்றாட அவசியத்திற்கு வேண்டாததாயும், உறை கெட்டிருந்தால் அந்நஷ்டத்தைத் தாங்கும் பொருள் கையிலிருப்பதாயும் இருந்தால், தாமே புதுப்பிக்கத் துணியலாம். தகடு ஒடிந்த அடையாளம் தெரிந்தால், பிரிக்காமல் மாற்றிக்கொள்வதே இலாபம். எவ்வழியாயினும், மிகுந்த சூடு, எண்ணெய்க் குறைவு, காயில் பழுது முதலியவற்றுள் எதனால் கேடு வந்தது என்று கண்டு நீக்காவிடின், புதியதும் பழையதன் கதியையே அடையும்.

அளவுமானியும் பெரிய சாவியும் ஒருவருக்குப் பல ஆண்டில் ஒரு முறையே உதவுவன. இவ்வித வண்டியுடையோர் சிலர் கூடிப் பொதுவில் வாங்கிவைத்துக்கொண்டால், ஊகத்தை நம்பாமல் அளந்து பார்த்து முடிவு செய்வது எல்லோருக்கும் எளிதாகும்.