முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கெட்டிமேளம் முழங்க வேண்டும். ஆனால் புகைப்படக்காரர்களும் வீடியோ விளக்குகளும் மேடையை மறைத்து நிற்க, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நாகஸ்வரக் குழுவுக்கு மணமக்கள் தெரிவதே இல்லை. இரண்டு பக்கமும் பார்வை போகிற ஓர் இடத்தில் யாராவது நின்று கை உயர்த்த வேண்டும். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் செய்துவந்த இந்த வேலை, இன்று சில மண்டபங்களில் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவியின் பொறுப்பு. முந்தின நாள் மாலையிலிருந்து அவள் செய்த வேலைகளில் விருந்தினர் கண்ணில் படக்கூடியது அது ஒன்றுதான்.

விஷுவல் கம்யூனிகேஷன், ஹோட்டல் மேனேஜ்மென்ட், எம்.பி.ஏ. படிப்பவர்கள் ஈவென்ட் நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப்புக்குச் சேர்கிறார்கள். மேடை அலங்காரம் பற்றிய ஆசையோடு வருபவர்களின் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஒரு தாள். எத்தனை மணிக்கு எது, யார் பொறுப்பு, அவருடைய போன் நம்பர் என்ன என்று எழுதிய 'ரன் ஷீட்'. கல்யாணத்தில் அந்தத் தாளைக் கீழிருந்து மேலாகத்தான் எழுத வேண்டும். முகூர்த்தம் 7.30 என்றால் பெண் 7 மணிக்குத் தயார். அதற்கு மேக்கப் 4 மணிக்குத் தொடங்க வேண்டும். மேக்கப் செய்பவரை அழைத்துவரும் கார் 3 மணிக்கே கிளம்ப வேண்டும். ரிசப்ஷனை அரைமணி தள்ளலாம், முகூர்த்தத்தைத் தள்ள முடியாது. நேரத்தை மதிக்கக் கற்றுத்தர இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் இல்லை.

பெரிய விழாக்களிலும் கணக்கு இப்படித்தான் போகிறது. ரஷ்யாவில் நடக்கவிருந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்தது. தொடக்க நாள் ஜூலை 28. கையில் இருந்தது நான்கு மாதம். பொது, மகளிர் பிரிவுகளைச் சேர்த்து ஏறத்தாழ 350 அணிகள். ஒரு சுற்றில் அணிக்கு நால்வர். மாமல்லபுரத்தில் ஒரே நேரத்தில் சுமார் 700 பலகைகள் தயாராக இருந்தாக வேண்டும்.

உண்மையான பாடம் பந்தியில் இருக்கிறது. பல சமையல் கான்ட்ராக்டர்கள் இலைக்கு இவ்வளவு என்றுதான் பணம் வாங்குகிறார்கள். ஆகவே பந்திக்குப் பந்தி ஒருவர் நின்று இலையை எண்ண வேண்டும். கிழிந்ததால் மாற்றிப்போட்ட இலை கணக்கில் சேருமா? குழந்தைக்குப் போட்ட பாதி இலை? டிரைவர்களும் மேளக்காரர்களும் சாப்பிட்டது யார் கணக்கு? இதையெல்லாம் முதல் பந்திக்கு முன்பே பேசி முடிக்காவிட்டால், மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் பெண்ணின் அப்பாதான் சமையல்காரரோடு மல்லுக்கு நிற்பார். இலையை எண்ணுவது சின்ன வேலையாகத் தெரியலாம். அந்த மனிதருக்கு மகளை வழியனுப்பும் நேரத்தில் கிடைக்கும் நிம்மதி, அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மூடிய மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் டம்ளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. உடையிலும் ஒரு பாடம் உண்டு. கச்சேரி, நாடகம் என்றால் பின்மேடை ஆட்கள் இருட்டோடு கலந்துபோகக் கறுப்பு உடுத்துவார்கள். கல்யாண வீட்டில் பலர் அதை விரும்பமாட்டார்கள்.

இவ்வளவு செய்பவர்களுக்குச் சில இடங்களில் உதவித்தொகை கிடைக்கிறது. சில இடங்களில் சாப்பாடும் சான்றிதழும் மட்டுமே. இது நியாயமில்லை. ரிசப்ஷன் முடிந்து, பூக்களைப் பிரித்து, வாடகைச் சாமான்களை எண்ணி வண்டியில் ஏற்ற நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக வண்டி உண்டா, அதன் செலவு யாருடையது என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கத் தயங்குகிற பிள்ளைக்காகப் பெற்றோரோ கல்லூரியோ கேட்கலாம்.