பச்சைப் பிள்ளையின் மூக்கடைப்பு

பிறந்த குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடப்பதால் முதல் சில மாதங்களுக்கு வாயால் மூச்செடுப்பது அதற்கு எளிதாக வராது. ஆகவே பெரியவர்களுக்கு வெறும் தொல்லையான மூக்கடைப்பு, பச்சைப் பிள்ளையின் பால்குடியையே குலைத்துவிடும். இரண்டு வாய் உறிஞ்சும், மார்பை விட்டுத் தலையைத் திருப்பி வீரிடும், மறுபடி தேடும்.

பெரும்பாலும் காரணம் சிறியது: பிரசவத்தில் தங்கிய நீர், காய்ந்த சளி, தடிமன். விறகடுப்புப் புகையும் நுளம்புச்சுருளும், முழுகவார்த்தபின் பிடிக்கும் சாம்பிராணியும் அதைக் கூட்டும். பால் கொடுக்கப் பத்து நிமிடம் முன்பு, மருந்துக்கடையில் விற்கும் 0.9 வீத உப்புநீரில் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு துளி விட்டால் சளி இளகும். எண்ணெய் விடுவது ஆபத்து. அது நுரையீரலுக்குள் இறங்கி நியுமோனியாவை உண்டாக்கலாம். வாயால் ஊதுவதும் கற்பூரத் தைலம் பூசுவதும் கூடாது. பெரியவர்களின் மூக்குத்துளி மருந்து சிசுவின் மூச்சையே மந்தப்படுத்தக்கூடும்.

அரிதாக, ஏறத்தாழ 5000 முதல் 8000 பிறப்புகளில் ஒன்றில், மூக்கின் பின்வாசல் எலும்பாலோ சவ்வாலோ பிறவியிலேயே மூடியிருக்கும். இரு பக்கமும் மூடியிருந்தால் அடையாளம் விசித்திரமானது: அமைதியாகக் கிடக்கையில் பிள்ளை நீலம் பாயும், அழுதால் வாய் திறந்து சிவக்கும். அழுகையை அடக்கியதும் மறுபடி நீலம் பாய்வதைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மூக்கில் மெல்லிய குழாய் செலுத்திப் பார்த்து, அது போகாவிட்டால் சி.ரி. ஸ்கானில் உறுதிசெய்வார்கள். வாய்வழியே காற்றுப்பாதையைத் திறந்து வைத்து, பிறகு சத்திரசிகிச்சையால் அடைப்பை நீக்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் பல வருடங்கள் தெரியாமலே போகலாம்.

மூச்சுத்திணறல் எல்லாமே மூக்கால் வருவதும் அல்ல. நுரையீரலோ இருதயமோ காரணமாகலாம். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். மூச்சு 60க்கு மேல் போவது, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்கு விரிவது, முனகுவது, பால் மறுப்பது, காய்ச்சல் அல்லது உடல் குளிர்வது எல்லாம் ஆஸ்பத்திரிக்குரிய அறிகுறிகள்.

உதாரணமாக, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள திரியாய்க் கிராமத்திலிருந்து குச்சவெளி, நிலாவெளி கடந்து திருகோணமலை நகர ஆஸ்பத்திரிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க அந்தத் தூரம் இடம் தராது. சாதாரண சளியென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். நீலம் பாய்ந்தாலோ நெஞ்சு உள்வாங்கினாலோ அந்த நேரமே இலவச அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.