வாடிக்கையாளர் தேடும் சொல் எது? இணையத்தளம் வைத்திருக்கும் சிறு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்கும் குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் ஏராளம். மாலை கட்டுதல், ரவிக்கை தைத்தல், கேட்டரிங், மண்டப அலங்காரம் என்று சிறுதொழில் செய்வோரும் பலர். இவர்களில் சிலர் கைக்காசு போட்டு இணையத்தளமும் வைத்திருக்கின்றனர். ஆனால், “தளம் இருக்கிறது, ஆள்தான் வரவில்லை” என்பது பலரின் குறை.

தளத்தில் நாம் எழுதி வைத்திருக்கும் சொல் ஒன்றாகவும், வாங்க நினைப்பவர் கூகுளில் தட்டும் சொல் வேறாகவும் இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர் தட்டும் சொல்லைக் கண்டறிந்து, அதற்கேற்பத் தளத்தில் என்ன எழுதுவது என்று திட்டமிடுவதே தேடுசொல் ஆய்வு. ஆங்கிலத்தில் ‘கீவேர்ட் ரிசர்ச்’ என்பார்கள். கைப்பேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

முதலில் வாட்ஸ்அப்பைத் திறங்கள்

கடந்த ஆண்டு வாடிக்கையாளர்கள் அனுப்பிய கேள்விகளை அவர்களின் சொற்களிலேயே எழுதுங்கள். “ஒரு டின் எத்தனை வெள்ளி?”, “கிள்ளானுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்களா?”, “எத்தனை நாள் கெடாது?”, “காரம் இல்லாதது கிடைக்குமா?” இப்படி இருபது கேள்விகள் சேர்ந்தால் போதும். நேரில் கேட்பதைத்தான் மக்கள் கூகுளிலும் கேட்கிறார்கள்.

அடுத்து, கூகுள் தேடல் பெட்டியில் ‘முறுக்கு’ என்று தட்டி, அனுப்பாமல் நிறுத்துங்கள். கீழே சில சொற்றொடர்கள் வரும். மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை அவை. உங்கள் பழைய தேடல்களின் சாயல் அதில் விழாமலிருக்க, ‘இன்காக்னிட்டோ’ பக்கத்தில் செய்து பார்ப்பது நல்லது.

ஒரே பொருள், பல எழுத்து

நம் நாட்டில் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே முறுக்கைத் தமிழ் எழுத்தில் தேடுபவர் உண்டு. தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர்கள் ரோமன் எழுத்தில், ஒரு ‘கே’ போட்டும் இரண்டு ‘கே’ போட்டும் தேடுவார்கள். மலாய்க்கார வாடிக்கையாளர் ‘தெம்பாஹான்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடலாம். தமிழில் மட்டும் எழுதப்பட்ட தளம் இவர்களில் பலருடைய கண்ணில் படாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினாலோ, தமிழில் தேடும் அம்மாக்களையும் பாட்டிகளையும் இழந்துவிடுவோம். இரண்டு மூன்று மொழிகளில் தனித்தனிப் பக்கம் வைப்பதே சரி.

ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. நாம் இன்னும் பழைய தோட்டத்துப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போம். புதிதாகக் குடிவந்தவருக்குத் தெரிந்தது தாமான் பெயரும் அருகிலுள்ள பட்டணத்தின் பெயரும்தான். சுங்கை பட்டாணி, தைப்பிங், காஜாங் என்று நீங்கள் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களைத் தளத்தில் தெளிவாக எழுதுங்கள்.

இலவசக் கருவிகள் மூன்று

‘கூகுள் டிரெண்ட்ஸ்’ ஒரு சொல் எந்தக் காலத்தில் அதிகம் தேடப்படுகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான அளவில் காட்டும். 100 என்றால் நூறு பேர் என்று பொருளல்ல. நீங்கள் பார்க்கும் காலத்தில் தேடல் உச்சத்தைத் தொட்ட நேரம் அது. நாட்டை மலேசியா என்று மாற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

‘கீவேர்ட் பிளானர்’ ஒரு சொல் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை முறை தேடப்படுகிறது என்று சொல்லும். இதற்குக் கூகுள் விளம்பரக் கணக்கு வேண்டும். விளம்பரத்துக்குச் செலவழிக்காதவருக்குத் தோராயமான எண்ணிக்கையே கிடைக்கும். அதில் ‘போட்டி’ என்று காட்டுவது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டியைத்தான். முதல் பக்கத்தில் வருவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டாது.

‘சர்ச் கன்சோல்’ ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்களுக்கானது. எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் தளம் வந்தது, எத்தனை பேர் அதைத் தட்டி உள்ளே வந்தார்கள் என்ற விவரம் 16 மாதம் வரை இதில் கிடைக்கும். பலமுறை கண்ணில் பட்டும் யாரும் தட்டாத பக்கம் இருந்தால், அதன் தலைப்பை மாற்றிப் பாருங்கள்.

சொல்லிலிருந்து பக்கத்துக்கு

திரட்டிய சொற்களை அவற்றின் நோக்கத்தை வைத்துப் பிரியுங்கள். ‘முறுக்கு செய்வது எப்படி’ என்று தேடுபவர் சமைக்கப் போகிறவர். ‘முறுக்கு ஆர்டர் ஷா ஆலம்’ என்று தேடுபவர் பணத்தோடு நிற்பவர். எண்ணிக்கையில் முதல் வகை அதிகமாக இருக்கலாம். வியாபாரத்தைத் தருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே விலை, அளவு, ஊர், ஆர்டர் கொடுக்கும் கடைசி நாள் ஆகியவை உள்ள பக்கத்தை முதலில் எழுதுங்கள். சமையல் குறிப்பு பிறகு வரலாம்.

புதிய பக்கத்தைக் கூகுள் கண்டுகொள்ளச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தீபாவளிக்கு முதல் வாரம் எழுதினால் பயனில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே பக்கம் தயாராக வேண்டும்.

எச்சரிக்கை

ஒரே சொல்லை ஐம்பது முறை திணிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைப்பதும் கூகுள் விதிகளுக்கு எதிரானவை. தளமே பின்னுக்குத் தள்ளப்படலாம். மக்கள் தேடுகிறார்கள் என்பதற்காக ‘ஹலால்’ என்ற சொல்லையும் சேர்க்கக் கூடாது. முறையான ஹலால் சான்றிதழ் இல்லாமல் அப்படிப் போட்டால் சட்டச் சிக்கல் வரும். முட்டையும் இறைச்சியும் சேர்க்காத பலகாரம் என்றால், அதை அப்படியே எழுதுங்கள்.

“ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம்” என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. அந்தப் பணம் பல வீடுகளில் தீபாவளி மாவுக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்கிய முதல்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்காருங்கள். வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும். கருவியைப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அடுத்த பெருநாளுக்கான பக்கம் தயாராகிவிடும்.