மழை விடும் நாளுக்கு ஒரு நாற்று

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி யாழ்ப்பாணத்தில் எடுபடாது. ஆடியில் இங்கே வீசுவது சோளகம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு புழுதியை வாரிக்கொண்டு வடக்கே வந்து சேரும். கிணற்று நீர் நாளுக்கு நாள் இறங்கும். அந்த மாதத்தில் கத்தரி விதை போட்டவர் காலையும் மாலையும் வாளியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

குடாநாட்டுக்கு மழை கொண்டுவருவது வாடை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே வீட்டுத்தோட்டக்காரருக்கு ஆண்டில் இரண்டு வாசல்கள் திறக்கின்றன. புரட்டாதியில் நாற்றுப் போட்டு, முதல் மழையோடு ஐப்பசியில் நடுவது ஒன்று. மார்கழியில் நாற்றுப் போட்டு, மழை ஓய்ந்த கையோடு தையில் நடுவது மற்றது. முதலாவதில் தண்ணீர்ச் செலவு இல்லை, ஆனால் கார்த்திகை அடைமழை எதையும் விட்டுவைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோதும், 2024 கார்த்திகையில், பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கரையோரமாக நகர்ந்தபோதும் தாழ்வான வளவுகளில் நின்ற பயிர் எல்லாம் தண்ணீருக்குள் போனது. கத்தரியும் மிளகாயும் வேர் நனைவதைத் தாங்கும். வேர் மூழ்குவதைத் தாங்கா. கொஞ்ச இடத்தில் நாலைந்து கன்று வைத்துப் பார்க்கும் வீட்டுக்காரருக்குத் தை வாசலே நல்ல வாசல்.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு விசித்திரமாகப் படலாம். அங்கே விதைக்கும் நாளைத் தீர்மானிப்பது உறைபனி. ரொறன்ரோவில் வாழும் யாழ்ப்பாணத்தார் பங்குனியிலேயே ஜன்னல் ஓரத்தில் மிளகாய் நாற்றுப் போட்டுவிட்டு, மே மாதத்து விக்ரோறியா தின நீண்ட விடுமுறை வரும்வரை காத்திருக்கிறார்கள். அதற்கு முன் வெளியே நட்டால் ஒரே இரவுக் குளிரில் கன்று கருகிவிடும். யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம்தான். வெயிலுக்குக் குறைவே இல்லை. குளிர் கன்றைக் கொல்வதும் இல்லை. இங்கே நாள் குறிப்பது தண்ணீர்: மிஞ்சிய தண்ணீர் வடியும் நாளும், கிணறு நிறைந்து நிற்கும் நாட்களும்.

மிச்சம் எல்லாம் பின்னோக்கி எண்ணும் வேலை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடையில் நான்கு, ஐந்து வாரம் வேண்டும். தக்காளிக்கு மூன்று வாரம் போதும். தைப்பொங்கலை ஒட்டி நட வேண்டுமென்றால் கத்தரி விதை மார்கழி பிறக்கும்போதே மண்ணுக்குள் இருக்க வேண்டும். தக்காளிக்குக் கிறிஸ்மஸ் வரை பொறுக்கலாம். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் எல்லா விதையையும் ஒரே நாளில் போடுபவர்களின் தக்காளி, கத்தரி தயாராகும்போது ஒரு முழம் வளர்ந்து, தண்டு மெலிந்து, சாய்ந்து கிடக்கும்.

நாற்றுக்காலத்தின் முதல் எதிரி நாற்றழுகல். நேற்று மாலை நிமிர்ந்து நின்ற முளை, இன்று காலை மண்மட்டத்தில் இடுப்பொடிந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் தண்டின் அடியில் நூல் கட்டி இறுக்கியதுபோல ஓர் ஒடுக்கம், நீர்கோத்த பழுப்பு நிறம். இலை மட்டும் பச்சையாகவே இருக்கும். மண்ணில் வாழும் பூஞ்சண வகைகளின் வேலை இது. மார்கழியின் ஈரமும் மூடிய வானமும் அவற்றுக்கு நல்ல வாய்ப்பு. இதைத் தடுக்க விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லி வரும் வழி எளியது. ஒரு சாண் உயரத்துக்கு மேடை கட்டி, மேலே வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காகப் பரப்பி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தீ வைக்க வேண்டும். தீ மெல்ல நகர்ந்து மேல்மண்ணைச் சுடும். வெயில் கிடைத்தால், நனைத்த மேடையைப் பொலித்தீனால் இறுக மூடி வெப்பத்தில் வேகவிடலாம். ஆனால் மார்கழியில் அந்த வெயிலை நம்ப முடியாது. அதைப் புரட்டாதியிலேயே செய்து வைத்திருப்பவர் கெட்டிக்காரர்.

உண்மையில் பத்துக் கத்தரி, பத்து மிளகாய் வைக்கப் போகும் வீட்டுக்கு மேடையே தேவையில்லை. தயிர்க்கோப்பை, ஐஸ்கிறீம் பெட்டி, சிரட்டை எல்லாம் உதவும். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம். மழை இருண்டு வரும்போது தூக்கி விறாந்தையில் வைக்கலாம், வெயில் வந்ததும் முற்றத்துக்குக் கொண்டுபோகலாம். மேடையை அப்படித் தூக்க முடியாதே! செம்மண்ணோடு உக்கிய மாட்டெருவும் கொஞ்சம் மணலும் கலந்தால் போதும். எரு நன்றாக உக்கியிருக்க வேண்டும். பச்சை எரு சூடு கிளப்பி முளையைக் கருக்கும். விதை தன் பருமனைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. மேலே வைக்கோல் மூடி, பூவாளியால் தெளிக்க வேண்டும். முளை எட்டிப் பார்த்த அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முளை வெளிறி நீளும்.

கீரை விதைக்கு வேறு தொல்லை. விதைத்த அன்றிரவே எறும்பு ஊர்வலமாக வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். விதையை மணலோடு கலந்து தூவுவது சீராக விழுவதற்கு. பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுவது எறும்புக்கு. மழைநாளில் நத்தையும் வரும். அதற்கு மருந்து தேடி அலைவதைவிட, இருட்டியபின் ரோச் வெளிச்சத்தில் பொறுக்கி எடுப்பதே பலன் தரும்.

பயித்தங்காய், வெண்டி, பூசணி, பாகல், புடோல், பீற்றூட் ஆகியவற்றை நாற்றாக்கிப் பிடுங்கி நடுவதில் பயனில்லை. வேர் அசைந்தால் அவை கோபித்துக்கொள்ளும். நேரே குழியில் ஊன்றுவதுதான் முறை. பாகல், புடோல் விதைகளின் ஓடு தடித்தது. ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு விரையும். பீற்றூட்டில் நாம் விதை என்று ஊன்றுவது பல விதைகள் ஒட்டிய ஒரு காய். ஒரு குழியில் மூன்று நாலு முளைத்தால் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட மனம் வேண்டும். முருங்கைக்கு விதையே வேண்டாம், மழைக்காலத் தொடக்கத்தில் மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு தடி வெட்டி ஊன்றினால் போதும். நீண்ட காய்க்குப் பேர்போன அந்த இனத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் இன்றும் யாழ்ப்பாண முருங்கை என்றே சொல்கிறார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை குடாநாடு ஒரே சீராக இல்லை. வலிகாமத்தின் செம்மண் சுண்ணக்கல் மேல் படிந்தது. நீரை வேகமாக உறிஞ்சும், வேகமாகவே விட்டுவிடும். தென்மராட்சியிலும் வடமராட்சியின் கிழக்கிலும் மணல் கூடுதல். தீவகத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரே உவர். எங்கே இருந்தாலும் இந்த மண்ணுக்குக் குறை சேதனப் பசளைதான். பழைய தோட்டக்காரர் அதற்குக் குழை தாட்டார்கள். பூவரசு, கிளுவை வேலிகளில் வெட்டிய குழையையும் பனையோலையையும் சால் பிடித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் பிறகு நட்டார்கள். வேலி அன்று எல்லைக்கு மட்டும் நின்றதல்ல, எருக்களஞ்சியமும் அதுதான். இப்போது மதில்கள் எழுந்துவிட்டன. மதிலில் குழை வெட்ட முடியாது. அதனால்தான் நகர்ப்புற வளவுகளில் கொம்போஸ்ற் குழி அவசியமாகிறது. உதிர்ந்த மாவிலை, குசினிக் கழிவு, வாழைத்தண்டு என்று புரட்டாதியில் நிரப்பத் தொடங்கிய குழி தைக்குள் பாதியாவது உக்கிவிடும்.

விதை எங்கிருந்து வருகிறது? இப்போது பெரும்பாலும் கடைப் பைக்கற்றிலிருந்து. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே தாங்கிய ஊதாக் கத்தரி இனம் திணைக்களத்தின் சிபாரிசுப் பட்டியலில் இடம்பெற்றது. எம்.ஐ. என்ற எழுத்துகளோடு வரும் மிளகாய் இனங்கள் மகா இலுப்பள்ளம நிலையத்தின் பெயரைச் சுமப்பவை. இவை பெரும்பாலும் விதை எடுத்துத் திரும்ப விதைக்கக்கூடியவை. படம் அச்சிட்ட பளபளப்பான பைக்கற்றில் எஃப்1 என்று போட்டிருந்தால் அது கலப்பினம். முதல் போகம் நன்றாகக் காய்க்கும். அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில் வரும். கலப்பினம் கூடாது என்று ஒதுக்க வேண்டியதில்லை; விதைக்கென்று ஒரு வரிசை மட்டும் நாட்டினமாக வைத்துக்கொள்வது புத்தி.

"அன்ரி, உங்கட கத்தரியில ரெண்டு காய் விதைக்கு விடுங்கோ" என்று வேலிக்கு மேலால் கேட்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. அப்படி விடப்படும் காய் மஞ்சளாகிப் பழுத்து, தோல் சுருங்கும்வரை செடியிலேயே நிற்கும். பிறகு பிசைந்து தண்ணீரில் கழுவ, மிதப்பது சப்பி, அடியில் தங்குவது விதை. அதை நிழலில் உலர்த்திச் சாம்பலில் பிரட்டிக் கட்டி வைப்பார்கள். தக்காளி விதையைச் சுற்றி ஒரு வழுவழுப்பான கூழ் இருக்கும். அது முளைப்பைத் தடுப்பது. ஓரிரு நாள் அப்படியே புளிக்கவிட்டுக் கழுவினால் போய்விடும். பீர்க்கையும் சுரையையும் முற்றிய காயோடு அடுப்புக்கு மேலே கட்டித் தூக்கினார்கள். புகையும் வெப்பமும் வண்டை அண்டவிடா. காஸ் அடுப்பு வந்தபின் புகை இல்லை. ஆகவே நன்றாகக் காயவைத்த விதையைப் போத்தலில் இட்டு இறுக மூடுவதே இன்றைய வழி. எவ்வளவு காலத்துக்கு? வெங்காய விதை ஓராண்டிலேயே சோர்ந்துவிடும், கத்தரியும் தக்காளியும் மூன்று ஆண்டுவரை தாங்கும். ஐயமிருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். எட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். நாலுதான் என்றால் இரு மடங்கு போட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுத்தோட்டம் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்கே தோட்டம் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் அந்த விலை சரிந்தது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் யூரியாவும் அரிதாகின. வீட்டுக் கிணற்றடிப் பாத்திதான் பல குடும்பங்களுக்குக் கறி கொடுத்தது. 1995 ஐப்பசி 30 அன்று போரால் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. மாரி பிடித்துவிட்ட, கன்று மண்ணில் நிற்க வேண்டிய நாட்கள் அவை. அடுத்த தையில் வலிகாமத்துப் பாத்திகளில் நட ஆளில்லை. பலாலி, மயிலிட்டிப் பக்கத்துச் செம்மண் காணிகள் பலவற்றை உரியவர்கள் 1990இலிருந்து பல ஆண்டுகள் பார்க்கவே முடியவில்லை. போர் முடிந்தபின் அவை படிப்படியாக விடுவிக்கப்பட்டு வருகின்றன.

அண்மைய அனுபவம் 2022. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வரிசைகள் நீண்ட அந்த ஆண்டு ஆனியில், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தர அமைச்சரவை முடிவு செய்தது. நோக்கம் நல்லதுதான். காலிக்கும் இரத்தினபுரிக்கும் அது மழைக்காலம். யாழ்ப்பாணத்துக்கோ சோளகம் உச்சத்தில் நிற்கும் வேளை. தண்ணீர் இறைக்கும் பம்புக்கு எண்ணெயும் தட்டுப்பாடு. கொழும்பில் குறித்த விதைப்பு நாள் வடக்கே பொருந்தவில்லை. அதே மூன்று மாதத்தை மார்கழி முதல் கொடுத்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

தை பிறந்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் நடுகைக்குத் தயார். அதற்கு ஒரு வாரம் முன்பே நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து, முழு வெயிலில் வைத்துப் பழக்க வேண்டும். செல்லம் கொடுத்து வளர்த்த நாற்று முற்றத்து வெயிலில் முதல்நாளே துவண்டுவிடும். நடுவது மாலையில். நட்ட கையோடு வாழை மடல் அல்லது பனையோலைத் துண்டை வளைத்து மேற்குப் பக்கமாகக் குத்தி மூன்று நாலு நாள் நிழல் கொடுக்கலாம். கத்தரிக்குக் கன்றுக்குக் கன்று இரண்டரை அடியாவது வேண்டும். சின்னதாக இருக்கிறதே என்று நெருக்கி நட்டால், பங்குனியில் இலைக்குள் கைவிட்டுக் காய் தேட வேண்டி வரும்.

அந்த நேரத்தில் கிணறு நிறைந்து நிற்கும். அதை நம்பி வாரி இறைப்பது தவறு. குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல் இடுக்குகளில், கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அதோடு, போட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாகி நேரே கிணற்றுக்கு இறங்கும் நிலம் இது. வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. வைக்கோலும் சருகும் போட்டுப் பாத்தியை மூடினால் இரண்டு நாளுக்கொரு தண்ணீர் போதும், பசளையும் கழுவுப்படாது. மாசியில் பயித்தங்கொடிக்குத் தடி நட்டு, பாகலுக்குப் பந்தல் போட்டு முடித்துவிட வேண்டும். பங்குனி வெயில் ஏறியபின் கீரைப் பாத்தி ஒன்றே நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் கேட்கும். அப்போது புதிதாகக் கத்தரி நாற்றுப் போட ஆசைப்படுபவர்கள் விதையைப் போத்தலிலேயே வைத்துப் புரட்டாதி வரை பொறுப்பது நல்லது.