மணல்மேடும் களித்தாழ்வும்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே, விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கிலும் அதை ஒட்டிய தென் ஆஸ்திரேலியப் பகுதியிலுமாகப் பரந்து கிடப்பது மல்லீ என்னும் கோதுமை நிலம். ஆண்டு மழை பெரும்பாலும் 250 முதல் 350 மில்லிமீட்டர் வரை, பயிர் மானாவாரி. பழங்காலக் காற்று குவித்துவிட்டுப் போன மணல்மேடுகளும், அவற்றுக்கிடையே களிமண் தாழ்வுகளும் மாறி மாறி வருவதால், ஒரே வயலுக்குள் இருவேறு நிலங்கள் அடங்கியிருக்கின்றன. ஆயினும் தலைமுறை தலைமுறையாக வயல் முழுமைக்கும் ஒரே அளவு விதையும் ஒரே அளவு உரமுமே இடப்பட்டு வந்தன. ஆயிரக்கணக்கான எக்டேரை ஒரு குடும்பமே விதைத்து அறுக்கும் நாட்டில் வேறு வழியும் இருக்கவில்லை. இடமறிந்து இடுபொருளை அளக்கும் துல்லிய வேளாண்மை இத்தகைய நிலத்துக்கென்றே பிறந்ததாகத் தோன்றும். உழவர்களோ அதன் ஒரு பாதியை விரைந்து ஏற்றனர். மறு பாதியில் தயங்கி நின்றனர். அந்தத் தயக்கத்தில் மண்ணைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருக்கிறது என்பதே என் துணிபு.

விரைந்து ஏற்கப்பட்டது வழிச்செலுத்தம். பொதுமக்களுக்கான புவியிடங்காட்டிக் குறிப்பலைகளில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கியது. நிலையான ஓரிடத்தில் நிறுத்திய அடித்தளக் கருவி அனுப்பும் திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டால், உழவு இயந்திரம் தன் தடத்தை 2 சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் பிடிக்கும். இதன் பயனைக் காண ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. விதைத்த இடத்திலேயே மீண்டும் விதை விழுவதில்லை. மருந்து இருமுறை படுவதில்லை. சென்ற பருவத்து அரிதாள் வரிசைகளுக்கு நடுவே இப்பருவத்து விதையை இறக்கலாம். சக்கரங்களை ஆண்டுதோறும் ஒரே தடத்தில் ஓட்டினால் எஞ்சிய நிலம் அழுந்தாமல் இளகிக் கிடக்கும். இரவு விதைப்பில் கண்ணும் தோளும் படும் பாடும் குறைந்தது.

மறு பாதிக்கு அடிப்படையான விளைச்சல் வரைபடம் அவ்வளவு எளிதன்று. அறுவடை இயந்திரத்தினுள், அடித்துத் தூற்றிய மணி ஏற்றியின் வழியே மேலேறி, உச்சியில் ஒரு தகட்டின் மீது மோதுகிறது. மோதும் விசையைக் கொண்டு நொடிக்கு நொடி பாயும் தானியத்தின் அளவு கணிக்கப்படுகிறது; ஈரப்பதம் தனியே அளக்கப்படுகிறது. கதிர் வெட்டுப்பட்ட கணத்துக்கும் அதன் மணி தகட்டைத் தொடும் கணத்துக்கும் இடையே பத்து நொடிக்கு மேலும் ஆகலாம். அதற்குள் இயந்திரம் 20 மீட்டர் கடந்திருக்கும். இந்தத் தாமதத்தைக் கழிக்காவிட்டால் மேட்டின் விளைச்சல் தாழ்வின் கணக்கில் ஏறிவிடும். எடைமேடையில் நிறுத்த எடையோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்யாவிட்டாலும் கேடுதான்: திரையில் வண்ணங்கள் பளிச்சென்று இருக்கும், எண்கள் பொய்யாக இருக்கும்.

பிழையற்ற வரைபடமும் விளைச்சல் குறைந்த இடத்தைக் காட்டுமே தவிர, குறைந்த காரணத்தைக் காட்டாது. மல்லீயின் களித்தாழ்வுகள் பலவற்றில் அடிமண்ணில் உப்பும் போரானும் தேங்கியிருப்பதால் வேர் ஆழமாக இறங்காது. களி தன்னிடமுள்ள நீரையும் இறுகப் பற்றிக்கொள்ளும். சிறுமழை மேற்பரப்பிலேயே நின்று ஆவியாகும். அதே மழை மணலில் உள்ளிறங்கி வேருக்கு எட்டும். ஆகவே வறண்ட ஆண்டில் மேடு முந்துகிறது. மழை நிறைந்த ஆண்டில் தாழ்வு முந்துகிறது. ஓராண்டுப் படத்தை மட்டும் நம்பி உரத்தைப் பங்கிட்டவர், மறு ஆண்டில் அதைத் தலைகீழாகக் காண நேரலாம்.

உரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. தாழ்வு நிலத்தில் தழைச்சத்து இயல்பாகவே கூடுதல். அங்கே மேலும் இட்டால் பயிர் இலையும் தூருமாகச் செழித்து, மண்ணின் நீரைப் பருவத்தின் முற்பாதியிலேயே குடித்துத் தீர்த்துவிடும். பால் பிடிக்கும் வேளையில் ஈரமின்றி மணி சாவியாகிப் போகும். மணலுக்கோ தழைச்சத்து பற்றாது. தென் ஆஸ்திரேலிய மல்லீயில் கரூண்டா என்னுமிடத்தில், ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் மேட்டிலிருந்து தாழ்வு வரை ஒரே வயலில் செய்து பார்த்த ஆய்வுகள் மணலுக்குத் தழைச்சத்தைக் கூட்டுவதன் பயனை எடுத்துக்காட்டின. வளம் மிக்க இடத்துக்கே மேலும் கொடுக்கத் தோன்றும் இயல்பான எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

ஆறு ஆஸ்திரேலியத் தானியப் பண்ணைகளைக் கணக்கிட்டு 2007 இல் வெளியான ஓர் ஆய்வு, துல்லிய வேளாண்மையின் ஆண்டுப் பயனை எக்டேருக்கு 14 முதல் 30 டாலர் வரை என மதிப்பிட்டது. போட்ட முதல் 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் மீண்டதாகவும் கண்டது. இருந்தும், 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, இடத்துக்கேற்ப உர அளவை மாற்றியவர்கள் அந்நாட்டுத் தானிய உழவர்களில் 20 விழுக்காட்டினர் மட்டுமே. ஏற்காதவர்களுள் பலர் பயனை மறுக்கவில்லை. அவர்கள் சுட்டிய தடைகள் வேறு: கருவியிலும் மென்பொருளிலும் சிக்கல், கைகொடுக்கும் சேவை இன்மை, ஏற்கெனவே உள்ள இயந்திரத்தோடு புதியது பொருந்தாமை. இவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்குவது பெரும் அநீதி. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் மொழியை அறியாதபோது, அதன் சுமை விதைப்பு நாளில் உழவர் தலையில்தான் விழுகிறது.

விரைந்து ஏற்ற வழிச்செலுத்தத்திலும் இடர் உண்டு. 2023 ஏப்ரல் 17 அன்று, ஆசிய பசிபிக் பகுதிக்குத் திருத்தக் குறிப்பலை அனுப்பி வந்த இன்மார்சாட் செயற்கைக்கோள் ஒன்று செயலிழந்தது. ஆஸ்திரேலியாவில் குளிர்காலப் பயிர் விதைப்புக் காலம் அது. அந்தக் குறிப்பலையை நம்பியிருந்த உழவு இயந்திரங்கள் வழிகாட்டலின்றித் தடுமாறின. உள்ளூர் அடித்தளக் கருவியிலிருந்து திருத்தம் பெற்றவர்களுக்கு இந்த இடர் நேரவில்லை.

தேர்ந்த உழவர்கள் இப்போது கையாளும் முறை ஒன்று எனக்கு மிகவும் உவப்பானது. மேட்டையும் தாழ்வையும் ஊடறுத்து, வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்ட பட்டையொன்றில் மட்டும் வழக்கத்தினும் மிகுதியாகத் தழைச்சத்து இடுகிறார்கள். அருகே உரமே இடாத பட்டை ஒன்றையும் விடுகிறார்கள். அறுவடை நாளில் இயந்திரம் இரண்டையும் தனித்தனியே அறுத்துச் செல்ல, எந்த மண்ணில் உரம் மணியாயிற்று, எந்த மண்ணில் வீணாயிற்று என்பது அடிக்கு அடி எண்ணாகப் பதிகிறது. அடுத்த ஆண்டு வேறோரிடத்தில், வேறொரு மழையில், அதே பட்டைகளை மீண்டும் இடுகிறார்கள்.